நாலு சுவருக்குள் ஒரு த்ரில்லர்: காதால் பார்த்த அனுபவங்கள்

ஒரே இடத்தில் நடக்கிற த்ரில்லர் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் கேமராவைப் பற்றித்தான் பேசுகிறோம். இவ்வளவு சின்ன அறைக்குள் எப்படி இத்தனை கோணம் வைத்தார்கள் என்று வியக்கிறோம். எனக்கு அந்தப் படங்கள் பிடித்துப்போனது காது வழியாக. அதைப் புரியவைத்தது பார்த்திபனின் 'ஒத்த செருப்பு சைஸ் 7'.

2019 செப்டம்பரில் வெளியானபோது தியேட்டரில் பார்த்தேன். ஒரு விசாரணை அறை. மாசிலாமணி என்கிற செக்யூரிட்டியைக் கொலைச் சந்தேகத்தில் பிடித்துவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். படம் முழுக்க நாம் பார்க்கிற மனிதர் அவர் ஒருவர்தான். கேள்வி கேட்கும் அதிகாரிகள், மனநல மருத்துவர், உடம்புக்கு முடியாத அவருடைய பையன் எல்லோருமே வெறும் குரல்கள். அவர் பழைய கதையைச் சொல்லச் சொல்ல, அந்த இடத்துச் சத்தங்கள் அறைக்குள் வந்து நிறையும். சுவர் அப்படியே இருக்கும், நாம் வேறெங்கோ போயிருப்போம். ஒரு கட்டத்தில் பின்பக்க ஸ்பீக்கரில் யாரோ பேச, என் வரிசையில் இருந்தவர்கள் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் அதே படத்தை வீட்டில் செல்போனில் பார்த்தேன். வசனம் எல்லாம் காதில் விழுந்தது, ஆனால் அறை காணாமல் போய்விட்டது. எந்தக் குரல் மேஜைக்கு அந்தப் பக்கம், எது கதவோரம் என்று தெரியாதபோது மாசிலாமணி யாரைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பதும் தெரியவில்லை. இந்தப் படத்துக்குத் தேசிய விருதில் இரண்டு கிடைத்தன: பார்த்திபனுக்குச் சிறப்பு ஜூரி விருது, ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்கு இன்னொன்று. இரண்டாவது விருதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவே இல்லை என்பது என் ஆதங்கம்.

உங்களுக்கும் இப்படிக் காதில் தங்கிய படம் இருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்கிற வேலையில் இருந்தவள். கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் சொல்லித்தான் 2018இல் வந்த 'தி கில்டி' என்கிற டேனிஷ் படத்தைப் பார்த்தேன். கஸ்டவ் மோலர் இயக்கியது, 85 நிமிடம். டென்மார்க்கின் 112 எண்ணில் அழைப்பு எடுக்கும் ஒரு போலீஸ்காரர், அவருடைய ஹெட்செட், இரண்டு அறைகள். அவ்வளவுதான் படம்.

ஒரு பெண் அழைத்து, தன் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவாள். பக்கத்தில் ஆள் இருக்கிறான், வாய்விட்டு எதையும் சொல்ல முடியாது என்று இவருக்குப் புரியும். உடனே கேள்விகளை மாற்றுவார். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வருகிற மாதிரி கேட்பார். வண்டி வெள்ளையா, சிவப்பா என்று நிறம் நிறமாகக் கேட்டுப் போவார். அந்த இடத்தில் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. எங்கள் வேலையும் இதுதான். கூப்பிடுகிறவருக்குத் தான் நிற்கிற இடத்தின் பெயர் தெரியாது. "பக்கத்துல கோயில் இருக்கா, பெட்ரோல் பங்க் இருக்கா, பஸ் போற சத்தம் கேக்குதே, மெயின் ரோடா?" என்று நாங்கள்தான் பிடித்துப் பிடித்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் அழுகிறவர் யார், கத்துகிறவர் யார் என்பதைக் குரலை வைத்து ஒரு முடிவுக்கு வருவோம். அந்த முடிவு எவ்வளவு அபாயமானது என்பதுதான் அந்தப் படத்தின் உயிர். இதற்குமேல் சொன்னால் பார்க்காதவர்களுக்குக் கெடுத்துவிடுவேன்.

ஒன்று மட்டும் படத்தில் இல்லை. நிஜத்தில் ஒரு அழைப்பு முடிந்ததும் அடுத்தது வந்துவிடும். அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியவே வராது.

*

தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக் கம்பெனிகளின் குளிர்சாதனக் கிடங்குகளில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஃப்ரீசர் அறைக்குள் ஒரு பெண் மாட்டிக்கொள்ளும் 'ஹெலன்' மலையாளத்தில் 2019இல் வந்தது. தமிழில் அருண் பாண்டியனும் அவருடைய மகள் கீர்த்தி பாண்டியனும் அப்பா, மகளாகவே நடித்து 2021இல் 'அன்பிற்கினியாள்' என்று வந்தது. பாதிக் கதை வெளியேதான் நடக்கிறது, சரி. ஆனால் உள்ளே நடக்கிற பகுதி எனக்கு மிக நெருக்கமானது.

நாங்கள் வேலை செய்வது மைனஸ் 18 டிகிரியில். கனத்த கோட்டு போட்டுத்தான் நுழைவோம். ஆட்கள் குளிரைப் பற்றிக் கேட்பார்கள், நான் சத்தத்தைப் பற்றிச் சொல்வேன். சுற்றிலும் பஃப் பேனல் எனும் நுரை அடைத்த சுவர்ப் பலகை, தடித்த கதவு. மேலே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு மூடியதும் வெளியே லாரி நின்று ஹாரன் அடித்தாலும் நமக்கு எட்டாது. நாம் கத்தினாலும் அப்படித்தான். அதனால்தான் உள்ளிருந்து திறக்கும் பிடியை ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குவோம். அந்தப் பெண் கதவைத் தட்டும் காட்சியில் தியேட்டரே பதறியது. தட்டுகிற ஒலி கதவைத் தாண்டாது என்று தெரிந்த எனக்குப் பதற்றம் அதற்கு முன்பே, கதவு சாத்திய அந்த நொடியிலேயே தொடங்கிவிட்டது.

*

என் அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது. ரயில்வேயில் இருந்தவர், வாராவாரம் படம் பார்த்தவர். பார்வை போனபின் படம் ஓடினால் எழுந்து போய்விடுவார். "இப்ப யாரு வந்தது, என்ன பண்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க அவருக்குக் கூச்சம்.

'ஒத்த செருப்பு' ஓடியபோது எழுந்திருக்கவில்லை. அதில் ஒருவரைத் தவிர வேறு யாரும் என் கண்ணுக்கும்தான் தெரியவில்லை! அப்பா எனக்கு முன்னாலேயே குரல்களைப் பிரித்துவிட்டார். "இந்த ஆபீசர் அவனை நம்ப ஆரம்பிச்சிட்டான், குரல் எறங்கிப்போச்சு பாரு" என்றார். நான் கவனித்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட படங்களாகத் தேடினேன். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' 1954இல் வந்தது. கால் உடைந்த ஒரு போட்டோகிராபர் தன் அறையிலிருந்து எதிர்வீடுகளைப் பார்க்கிற கதை. முற்றத்திலிருந்து பியானோ, அலறல், கண்ணாடி உடைகிற சத்தம் எல்லாம் வந்தாலும் துப்பு அத்தனையும் கண்ணால் பார்ப்பது, அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் கொலைகாரன் படியேறி வருவான். ஆளைக் காட்டமாட்டார்கள், காலடிச் சத்தம் மட்டும் கதவை நோக்கி வரும். நான் விளக்க வாயெடுத்தேன். அப்பா கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

மேலே சகோதரி சொன்ன டேனிஷ் படம் எங்களுக்கு ஆகாது. சப்டைட்டிலை நான் வாசித்தால் அந்தப் பெண்ணின் குரல் மேலேயே என் குரல் ஏறிவிடும். ஜேக் ஜில்லன்ஹால் நடித்து 2021இல் வந்த ஆங்கில மறுஆக்கத்தைத்தான் போட்டுக் கொடுத்தேன், முழுதாகக் கேட்டார். தமிழிலோ ஆங்கிலத்திலோ இன்னும் இருந்தால் சொல்லுங்கள். பழைய படமானாலும் பரவாயில்லை, சத்தம் தெளிவாக இருக்க வேண்டும்.