கால்சியம் நார்மல், ஆனாலும் பையனுக்குப் பல் பொடிந்து உதிர்கிறது
காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோமுங்க. பையனுக்கு 9 வயது. புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லில் வெள்ளைத் திட்டு இருந்தது, போன தை மாசத்திலிருந்து அது பழுப்பாகி ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது, குளிர்ந்த மோர் பட்டாலே துள்ளுகிறான்.

ரத்தத்தில் கால்சியம் 9.4, வைட்டமின் டி மட்டும் குறைவு, 14. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சமாளித்துவிடும், அதனால் அந்த 9.4ஐ நான் பெரிதாக நம்பவில்லை. போர் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம், 1.5க்கு மேல் போகவே கூடாது.

கேன் தண்ணீருக்கு மாறியாச்சு, வைட்டமின் டி மருந்து ஓடுகிறது, பல் டாக்டர் அடைத்த சிமெண்ட் பெயர்ந்துவிட்டது. கிராம்பு, கொய்யா இலை எல்லாம் பார்த்தாச்சு.

எனாமல் இப்படி உதிர்ந்த கடைவாய்ப் பல்லுக்கு இந்த வயதிலேயே ஸ்டீல் கேப் போட்டு, அது நின்றிருக்கிறதா உங்கள் வீட்டில் யாருக்காவது?