காற்றாலைக் கம்பங்களுக்கு நடுவே வழிவலை விட முடியுமா?

வேம்பார்_ஃபைபர்:
அப்பாவும் நானும் இன்னும் இரண்டு பேருமாக ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறோம். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு, குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500 மெகாவாட் என்று நிதி ஒப்புதல் தந்ததிலிருந்து ஊரில் இதே பேச்சுதான். மன்னார் வளைகுடாவில் காற்று நன்றாக இருக்கிறது, மின்சாரமும் வேண்டும். காற்றாலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் வழிவலை விட்டால் வலையும் படகும் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கிற பக்கம் ராத்திரி முழுக்கப் போகும். வலை ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். குறுக்கே கம்பம் நின்றால் என்ன செய்வது? வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

வடகடல்_டெக்னீஷியன்:
தம்பி, நான் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கடல் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இங்கே கட்டுகிற காலத்தில் கம்பத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது. கட்டி முடித்ததும் உள்ளே மீன்பிடிக்கப் பொதுவான தடை இல்லை. பெல்ஜியத்தில் உள்ளே நுழையவே முடியாது.

தடை இல்லை என்பதால் எல்லோரும் வந்துவிடுவதில்லை. நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கூடு வைக்கிறவர்கள் வருகிறார்கள். கடலடியில் வலையை இழுத்துப் போகிற இழுவைமடிக்காரர்கள் பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறார்கள். கடலடியில் புதைத்த மின்கேபிளின் மேல் மணல் அரித்துப்போகும், மூடுவதற்குக் கல் கொட்டுவார்கள். அதில் மடி மாட்டினால் படகே கவிழலாம்.

உங்கள் பயம் நியாயமானது. அமெரிக்காவின் வைன்யார்டு விண்ட் திட்டத்தில் கம்பத்துக்குக் கம்பம் ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். நீவாடு கம்ப வரிசைக்குக் குறுக்கே இழுத்தால், ராத்திரி முழுக்க நகர்கிற ஒன்றரை கிலோமீட்டர் வலைக்கு அது போதாது. "படகு போகலாம்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த வலைக்கு எங்கே இடம் என்று வலை வகை வாரியாக எழுதி வாங்குங்கள்.

திரேஸ்புரம்_மேரி:
நான் ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்கிறவள். நஷ்டஈடு என்று பேச்சு வந்தால் படகுப் பதிவைத்தான் பார்ப்பார்கள். சொந்தப் படகு இல்லாமல் பங்குக்குப் போகிற பிள்ளைகள் பெயர் எந்தப் பதிவில் இருக்கிறது? மீன் வராவிட்டால் கருவாடு போடுகிற பெண்களுக்கும் வேலை இல்லை. இதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள் தம்பி. பட்டியல் போட்ட பிறகு பெயர் சேர்ப்பது குதிரைக்கொம்பு.

இன்னொன்று. மீன் சேருவதற்காகக் கடலடியில் செயற்கைப் பார் (திட்டு) போட்ட இடத்தில் மீன் அடைவது நமக்குத் தெரிந்ததுதானே? கம்பத்தடியிலும் அடையும். அங்கே தூண்டில் போட யாருக்கு உரிமை என்பதையும் இப்போதே பேசிவிடணும்.

வேம்பார்_ஃபைபர்:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. பங்குக்காரர் விஷயத்தை ஊர்க் கமிட்டியில் சொல்கிறேன். வலை விடுகிற இடங்களைக் காட்ட எங்கள் ஜிபிஎஸ்ஸில் உள்ள பாயிண்டுகளைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பாயிண்ட் வெளியே போனால் மறுநாளே அங்கே விசைப்படகு நிற்கும் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

வடகடல்_டெக்னீஷியன்:
பாயிண்ட் வேண்டாம். வரைபடத்தில் பெரிய கட்டங்கள் போட்டு, எந்த மாதம், எந்த வலை, எத்தனை படகு என்று மட்டும் நிரப்புங்கள். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் குறியுங்கள். கம்ப வரிசையை எந்தத் திசையில் நிறுத்துவது என்று முடிவாகும் முன் அது மீன்வளத்துறை கையில் இருக்கணும்.