சுவருக்குள் போகும் பைப் ஜாயிண்ட் ஒழுகாமலிருக்க எதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்?

விவேக்நகர் அக்கா:
வணக்கம். பெங்களூரு விவேக்நகரில் கீழும் மாடியுமாக எங்களுடைய சின்ன வீடு. போன வருடம் கீழ் பாத்ரூமில் துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை எடுத்துவிட்டு சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) போட்டோம். மூன்றே மாதத்தில் கெய்சர் சுவரின் மறுபக்கம், பீரோவுக்குப் பின்னால், பெயிண்ட் கொப்பளித்துவிட்டது. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் பைப் திரும்பும் இடத்தில் போடும் ஒரு எல்போவைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு சொட்டுகூட விழவில்லை, வெறும் கசிவுதான். அதைச் சரி செய்த கையோடு ஷவர் குழாய் ஒழுக ஆரம்பித்தது. வந்தவர் ரிஞ்சை வைத்து இன்னும் இறுக்கினார். ஃபிட்டிங்கில் விரிசல் விட்டுவிட்டது.

அடுத்த வாரம் மாடி பாத்ரூம் வேலை தொடங்குகிறது. நேர் கீழே அம்மா படுக்கும் அறை. மறுபடி உடைக்கிற தெம்பு எனக்கு இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் பிளம்பர்:
அக்கா, 22 வருடமாக எனக்கு இதுதான் தொழில். ஓசூரிலிருந்து தினமும் பஸ் ஏறி பெங்களூருக்கு வந்து போகிறேன். நீங்கள் சொன்ன அந்த உப்பை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். போர் தண்ணீரில் உப்பு அதிகம். கசிகிற தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு மட்டும் நிற்கும். ஒட்டின நாளிலேயே அந்த ஜாயிண்டில் குறை இருந்திருக்கிறது.

சிபிவிசி ஒட்டுவது பேப்பரைப் பசை போட்டு ஒட்டுவது மாதிரி இல்லை. ஒட்டத் தடவுகிற சொல்யூஷன் பிளாஸ்டிக்கை இளக்கி, பைப்பையும் ஃபிட்டிங்கையும் ஒன்றாக்குகிறது. நடுவில் ஈரமோ சிமெண்ட் தூசியோ இருந்தால் அந்த இடம் சேராது. அதனால் பைப்பை நேராக வெட்டச் சொல்லுங்கள். ஹாக்ஸா ரம்பம் போட்டால் உள்ளேயும் வெளியேயும் பிசிறு நிற்கும், அதை வழித்து முனையைக் கொஞ்சம் சரிவாகச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தள்ளும்போது அந்தக் கூர் முனை சொல்யூஷனையே வழித்துக்கொண்டு போய்விடும். காய்ந்த துணியால் துடைத்து, பைப்புக்கு நன்றாகவும் ஃபிட்டிங்குக்கு மெல்லிசாகவும் தடவி, கால் சுற்றுத் திருப்பியபடி கடைசி வரை தள்ள வேண்டும். அப்புறம் 30 நொடி கையை எடுக்கக் கூடாது. இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். கையை விட்டதும் பைப் கொஞ்சம் பின்னால் நழுவும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டப்பாவில் சிபிவிசிக்கு என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். யுபிவிசி (பச்சைத் தண்ணீர் பைப்) சொல்யூஷனை வெந்நீர் லைனுக்கு விடாதீர்கள்.

மரை போடுகிற இடம் தனி. குழாய் வரும் முனைக்குப் பித்தளை மரை உள்ள எல்போதான் வாங்க வேண்டும். பிளாஸ்டிக் மரைக்குள் இரும்பு நிப்பிளை (இரண்டு முனையிலும் மரை உள்ள துண்டுப் பைப்) ஏற்றினால் உங்கள் ஷவருக்கு நடந்ததுதான் நடக்கும். மரையில் ஒழுகாமலிருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்பை, மரை முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுக்கும்போது உருண்டு வெளியே வந்துவிடும். முதல் மரையை விட்டுவிட்டுத் தொடங்கினால் டெஃப்லான் பிசிறு குழாய்க்குள் போகாது. முடுக்கும்போது குழாய் வாய் நேருக்கு வராமல் தாண்டிவிட்டதென்றால் பின்னால் திருப்பவே கூடாது. கழற்றி, பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். நேராக்குகிறேன் என்று அரைச் சுற்றுப் பின்னால் திருப்பின குழாய் நிச்சயம் ஒழுகும்.

இவ்வளவுக்கும் மேல் ஒன்று. பூசுவதற்கு முன்னால் பிரஷர் டெஸ்ட் பண்ணாமல் விடாதீர்கள். ஒட்டி ஒரு நாள் விட்டு, எல்லா முனைக்கும் பிளக் போட்டு, கெய்சர் பாயிண்ட் இரண்டையும் ஹோஸால் இணைத்து, காற்றை வெளியேற்றிவிட்டு டெஸ்டிங் பம்பில் 10 கிலோ பிரஷர் (சதுர செ.மீ.க்கு) ஏற்றச் சொல்லுங்கள். மீட்டர் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் ஒவ்வொரு ஜாயிண்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றுங்கள், எது நனைகிறதோ அதுதான். அதன் மேல் சொல்யூஷன் பூசிச் சமாளிக்க விடாதீர்கள். வெட்டி எடுத்துப் புதிது போட வேண்டும்.

மத்திகெரே மாமி:
கெய்சருக்குப் போகும் கனெக்‌ஷன் பைப்பையும் பாருங்கோ. எங்காத்தில் சுவரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாசர் சூட்டில் விறைத்துப்போய் வெடித்து, இரவெல்லாம் ஒழுகி ஹால் வரை தண்ணீர். வாசர் விலை ஒன்றுமேயில்லை. கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்றுப் போதும்.

விவேக்நகர் அக்கா:
தம்பி, ஒரு சந்தேகம். சுவரில் பள்ளம் வெட்டி பைப்பை ஆணியடித்து இறுக்கி வைக்கிறார்களே, சரியா?

ஓசூர் பிளம்பர்:
வெந்நீர் லைனை அப்படிக் கட்டிப்போடக் கூடாது அக்கா. 3 மீட்டர் சிபிவிசி 40 டிகிரி சூடு ஏறினால் சுமார் 7 மி.மீ. நீளும். போக இடம் இல்லாவிட்டால் எல்போவைத்தான் தள்ளும். கிளாம்ப் லூசாக இருக்கட்டும். பள்ளத்தை மூடும் முன் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.

விவேக்நகர் அக்கா:
நேற்று டெஸ்ட் பண்ணினோம். 10 கிலோவிலிருந்து முள் 8க்கு இறங்கிவிட்டது. வேலைக்காரர் பம்பில்தான் லீக் என்றார். நான் விடவில்லை, 14 ஜாயிண்டுக்கும் டிஷ்யூ சுற்றினேன். கெய்சர் வெந்நீர் எல்போவில் அடிப்பக்கம் மட்டும் பொட்டு அளவு நனைந்தது. வெட்டிப் பார்த்தால் பைப் பாதிதான் உள்ளே போயிருக்கிறது. புதிது போட்டு ஒரு நாள் விட்டிருக்கிறோம். நாளைக் காலை மறுபடி ஏற்றப் போகிறோம், அதுவரை கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.