ஹெல் லெட் லூஸ்: யார் சுட்டார் என்று தெரியாமலேயே சாகிறேன், உதவி தேவை

புதுச்சிப்பாய்:
வணக்கம். மூன்று நாள்களாக ஹெல் லெட் லூஸ் என்ற இரண்டாம் உலகப் போர் வீடியோ விளையாட்டை ஆடுகிறேன். ஸ்பான் ஆனதும், அதாவது களத்தில் பிறந்ததும், வெகுதூரம் ஓடுகிறேன். ஒரு வேலியைத் தாண்டுகிறேன். வெடிச்சத்தம் வந்த பக்கம் திரும்பித் துப்பாக்கியை உயர்த்துவதற்குள் முதுகில் குண்டு பாய்ந்து விழுந்துவிடுகிறேன். நேற்று இரண்டு மணி நேரம் ஆடியும் ஓர் எதிரியைக்கூடக் கண்ணால் காணவில்லை. நான் சுடுவது யார் மீதாவது படுகிறதா என்பதும் தெரிவதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது? இன்றிரவு நண்பர்களோடு ஆட வேண்டியிருப்பதால் அவசரம்.

ஆந்தைக்கண்:
எந்த மேப், எந்த ரோல், கணினியா கன்சோலா, எந்த சர்வர், பிங் எவ்வளவு என்று எதையுமே சொல்லவில்லையே, நண்பரே. எனக்கு பிங் மீதுதான் சந்தேகம். தொலைதூர சர்வரில் ஆடினால், நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு பட்டதாகவே தோன்றும்.

பாசறைக்கிழவன்:
தம்பி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019இல் ஏர்லி அக்செஸ் என்று, முழுமையாகும் முன்பே விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து இதை ஆடுகிறேன். குண்டு பட்டால் திரையில் சிலுவைக் குறி காட்டுவதும், மூலையில் யார் யாரைக் கொன்றார் என்று பட்டியல் ஓடுவதும், மீதித் தோட்டாவை எண்ணிக்கையில் சொல்வதும் இந்த விளையாட்டில் கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஓடி ஓடிச் சுடும் விளையாட்டுகளில் பழகிவிட்டு இங்கே வருபவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் இதே புலம்பலோடுதான் வருகிறார்கள். நடப்பதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏற்றதல்ல.

புதுச்சிப்பாய்:
மேப் கேரன்டன் என்ற பிரெஞ்சு நகரம், ரைபிள்மேன், அமெரிக்கத் தரப்பு, கணினி. பிங் நன்றாகவே கேட்கிறது, எட்டுத் தோட்டாவுக்கு ஒருமுறை.

ஆந்தைக்கண்:
நான் கேட்டது இணைய பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், ஐயா. நீங்கள் சொல்வது அமெரிக்கர்களின் கேரண்ட் துப்பாக்கியில் எட்டுத் தோட்டாவும் தீர்ந்ததும், அவற்றைப் பிடித்திருந்த உலோகக் கிளிப் தெறித்து விழும் ஒலி.

வேலியோரம்:
சிரித்து முடியவில்லை. ஆனாலும் அந்த ஒலியே ஒரு காரணமாக இருக்கலாம். ‘டிங்’ என்று கேட்டதும் அமெரிக்கனிடம் தோட்டா தீர்ந்துவிட்டது என்று அறிந்து ஜெர்மானியர்கள் பாய்ந்து வருவார்கள் என்று படித்திருக்கிறேன். இங்கேயும் எதிரிகள் அதற்காகவே காத்திருக்கலாம்.

பாசறைக்கிழவன்:
அது வெறும் கதை. அமெரிக்கக் காலாட்படையின் ஒரு ஸ்குவாடில், அதாவது சிறு குழுவில், 12 பேர் இருந்தார்கள். ஒருவருடைய கிளிப் காலியானதை நம்பி எழுந்து ஓடி வருபவனை மீதிப் பேர் சும்மா விடுவார்களா? நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 தோட்டா உமிழும் ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கி எம்ஜி 42 பக்கத்தில் துணி கிழிப்பதுபோல் இரைந்துகொண்டிருக்கும்போது, அந்தச் சின்ன உலோக ஒலி நூறடி தாண்டி யார் காதில் விழும்?

வேலியோரம்:
வீடு வீடாகப் புகுந்து நடக்கும் சண்டையில் விழாதா? கேரன்டனில் தெருச்சண்டையும் உண்டல்லவா? தவிர, கேரண்டில் பாதிக் கிளிப் இருக்கும்போது புதிதாக நிரப்பவே முடியாது என்பதால் அவர்களுக்கு அது பெரிய குறைதான்.

பாசறைக்கிழவன்:
முடியும். பக்கவாட்டில் உள்ள தாழை அழுத்தினால் பாதிக் கிளிப் வெளியே வரும். சண்டைக்கு நடுவே செய்வதற்குச் சிரமமான வேலை என்பதால் பெரும்பாலும் மிச்சத்தைச் சுட்டுத் தீர்த்துவிடுவார்கள். முடியாது என்பது வேறு, சிரமம் என்பது வேறு.

மண்மூட்டை:
இருவரும் சற்றுப் பொறுங்கள், கேட்டவர் காத்திருக்கிறார். புதுச்சிப்பாய், ‘வெகுதூரம் ஓடுகிறேன்’ என்கிறீர்களே, நோய் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் ஸ்குவாடில் ஆபீஸர் இருக்கிறாரா? அவர் கடிகாரத்தை எடுத்து அவுட்போஸ்ட் வைத்தால்தான் உங்கள் குழு முன்வரிசைக்கு அருகில் பிறக்க முடியும். படை முழுவதும் பிறப்பதற்கான கேரிசன் கட்டுவதற்கு நம் எல்லைக்குள் 50 சப்ளை, அதாவது கட்டுமானப் பொருள், வேண்டும். சப்போர்ட் ரோலில் இருப்பவர் இறக்கும் ஒரு பெட்டி அதற்குப் போதும். இரண்டுமே இல்லையென்றால் தலைமையகத்திலிருந்து பல நூறு மீட்டர் ஓட வேண்டியதுதான், வழியெல்லாம் எதிரி உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஐம்பதுக்கு ஐம்பது பேர் ஆடும் களத்தில் தனியாக ஓடுபவர் எல்லோருக்கும் இலக்குதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1944 ஜூனில் அமெரிக்காவின் 101ஆவது வான்குடைப் படையினர் சதுப்பு நிலத்துக்கு நடுவே உயர்த்திப் போட்ட ஒரே சாலை வழியாக, அடுத்தடுத்து நான்கு பாலங்களைக் கடந்துதான் கேரன்டனை நெருங்கினார்கள். இருபுறமும் தண்ணீர், எதிரே வேலிகளுக்குள் ஜெர்மானிய வான்குடை வீரர்கள். சுடுபவனைக் காணாமலேயே சாவது அவர்களுக்கும் நேர்ந்தது. ஆகவே எதிரி கண்ணில் படவில்லை என்பதில் பாதி இந்த விளையாட்டின் இயல்பு. மீதிப் பாதிக்குத்தான் மருந்து தேட வேண்டும்.

புதுச்சிப்பாய்:
ஆபீஸர் இருந்தார். ஏதோ கேட்டார், நான் பதில் சொல்லவில்லை என்று ஸ்குவாடிலிருந்து நீக்கிவிட்டார். வீட்டில் எல்லோரும் தூங்குவதால் மைக்கை மேலே மடக்கி வைத்திருக்கிறேன்.

பாசறைக்கிழவன்:
பேசாமல் ஆடுவதற்கு இது சதுரங்கம் அல்ல, தம்பி. ஸ்குவாடுக்கு ஒரு குரல்வழி, அருகில் இருப்பவர்களுக்கு ஒன்று, தலைமைக்கு ஒன்று என மூன்று வழிகள் வைத்திருப்பது அழகுக்காகவா?

ஆந்தைக்கண்:
இணைய பிங்கை இன்னும் சொல்லவில்லை.

புதுச்சிப்பாய்:
சிங்கப்பூர் சர்வர், 80 மில்லி விநாடிக்குள்தான்.

ஆந்தைக்கண்:
அப்படியானால் அது காரணமல்ல. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள், வேலி நிழலில் படுத்திருப்பவர்கள் தெரியக்கூடும்.

செவிப்பறை:
யாரும் முதல் பதிவைச் சரியாகப் படிக்கவில்லை. சத்தம் வந்த பக்கம் திரும்புகிறார், குண்டு முதுகில் படுகிறது. ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். தூரமும் மைக்கும் வெளிச்சமும் இதை விளக்கவில்லை. மைக்கை ‘மேலே மடக்கி’ என்றால் தண்டு சுழலும் வகை ஹெட்செட். அதை எந்தப் பக்கமாகவும் மாட்டிக்கொள்ளலாம், மைக்கை இறக்கிப் பேசாதவரை தவறு தெரியாது. இன்றிரவு நண்பர் ஒருவரை உங்கள் இடப்பக்கம் நிற்கச் சொல்லி வானத்தை நோக்கி ஒரு முறை சுடச் சொல்லுங்கள். எந்தக் காதில் கேட்கிறது என்று பாருங்கள். இந்த விளையாட்டில் கண்ணைவிடக் காதே முதல் ஆயுதம்.

வேலியோரம்:
இது அதீதக் கற்பனை. மூன்று நாளாக ஒருவர் ஹெட்செட்டை மாற்றி மாட்டியிருப்பாரா? கேரண்ட் விஷயத்தில் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாசறைக்கிழவன்:
வந்துவிட்டது, மேலே போய்ப் படியுங்கள்.

புதுச்சிப்பாய்:
ஹெட்செட்டில் இடதைக் குறிக்கும் எல் என்ற எழுத்து வலது காதில் இருந்தது. மாற்றி மாட்டினேன். கேரன்டனில் தேவாலயத்துக்கு அருகே ஒரு சுவரோரம் நின்றபோது இடப்பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. இடப்பக்கமே திரும்பினேன், மூன்று நாளில் முதல்முறையாக ஒரு ஜெர்மானியரை நேருக்கு நேர் பார்த்தேன். பதற்றத்தில் எட்டுத் தோட்டாவையும் சுவரில் சுட்டேன். ‘டிங்’ என்றது. அவர் என்னைக் கொன்றுவிட்டார். அனைவருக்கும் நன்றி.

வேலியோரம்:
நான் சொன்னேன் அல்லவா?