எந்த ஊரைக் கேட்டாலும் வள்ளியூர் பார்சல் கட்டணமே வருகிறது

அப்பளக்கடை:
கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்கு அப்பளக்கடை. பார்சல் கட்டணம் பார்க்க, லினக்ஸிலும் மேக்கிலும் கட்டளைகளை ஓட்டும் பாஷில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ‘ரேட்’ என்ற அரேயில் (பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் பட்டியல்), சதுர அடைப்புக்குள் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் போட்டு, அம்பைக்கு 40, தென்காசிக்கு 60, கடைசியாக வள்ளியூருக்கு 90 என்று வைத்தேன். எதைக் கேட்டாலும் 90. நான் எழுதவே எழுதாத சுரண்டைக்கும் 90! பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. ஆற்றைத் தாண்டினால் அம்பை, அதுக்குப் போய் 90 ரூபாயா என்று அப்பா சத்தம் போடுகிறார்.

பாளைக்காரன்:
தம்பி, சுரண்டை என்றீர்களே, அங்கேயே விடை இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அசோசியேட்டிவ் அரே, அதாவது எண்ணுக்குப் பதில் பெயரை வைத்து மதிப்பைத் தேடும் அரே. அதை அறிவிக்காமல் விட்டுவிட்டீர்கள். அறிவிக்காவிட்டால் பாஷ் அதை எண் வரிசை அரேயாகத்தான் எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குள் இருப்பதைக் கணக்காகப் பார்க்கும். அம்பை என்று ஒரு வேரியபிள் இல்லை, ஆகவே பூஜ்ஜியம். தென்காசியும் பூஜ்ஜியம். மூன்று விலையும் ஒரே பெட்டியில் விழுந்து, கடைசி 90 மட்டும் நின்றிருக்கிறது. முதல் விலைக்கு மேலே ‘டிக்ளேர் மைனஸ் ஏ ரேட்’ என்று ஒரு வரி சேருங்கள். ஏ கேப்பிட்டல், சின்ன ஏ போட்டால் பழைய கதைதான். ‘டிக்ளேர் மைனஸ் பி ரேட்’ கொடுத்தால் உள்ளே கிடப்பதைக் காட்டிவிடும். டெர்மினலிலேயே அடித்துப் பார்த்திருந்தால் முதலில் ‘அன்செட் ரேட்’ கொடுத்துப் பழையதை அழித்துவிடுங்கள், எண் அரேயை அப்படியே மாற்ற விடாது.

அப்பளக்கடை:
கடை உபுண்டுவில் அம்பைக்கு 40 வந்துவிட்டது அண்ணாச்சி. சுரண்டைக்கு வெற்றிடம். ஆனால் வீட்டு மேக்கில் ‘மைனஸ் ஏ செல்லாது’ என்று சொல்லிவிட்டு மறுபடியும் 90.

கடனாநதி:
மேக்கோடு வருவது பாஷ் 3.2. இந்த வசதி 2009-இல் வந்த 4.0-இல்தான் சேர்ந்தது; அது ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வந்ததால் ஆப்பிள் பழையதோடு நின்றுகொண்டது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவில் புதியதைப் போடுங்கள். ஸ்கிரிப்டின் முதல் வரி நேராக ‘பின் பாஷ்’ என்று இருந்தால் பழையதையே கூப்பிடும், ‘என்வ் பாஷ்’ என்று மாற்றுங்கள். அப்புறம், ஃபங்ஷனுக்குள் டிக்ளேர் செய்தால் வெளியே தெரியாது. எனக்கு ஒரு ராத்திரி அதிலேயே போயிற்று.

அப்பளக்கடை:
சரி, ஓடுகிறது. பட்டியலை அச்சிட்டால்தான் ஊர்கள் முன்பின்னாக வருகின்றன. அப்பாவுக்கு அம்பை முதலில் வர வேண்டுமாம்.

பாளைக்காரன்:
போட்ட வரிசையை அது நினைவில் வைக்காது. ஊர்ப்பெயர்களை மட்டும் அம்பையில் தொடங்கி இன்னொரு அரேயில் எழுதி, அதன்மேல் லூப் ஓட்டி ரேட்டை எடுங்கள். அதற்குச் சின்ன ஏ போதும்.