பாதியில் நின்றுபோகும் தலைக்கவசக் கணிப்பு: வழி சொல்லுங்களேன்

வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக, மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் மோதுவதை எல்எஸ்-டைனா என்ற மோதல் கணிப்பு மென்பொருளில் கணித்துப் பார்க்கிறேன். 4.7 கிலோ எடையுள்ள ‘ஜே’ அளவுத் தலை உரு (சோதனைக்கான செயற்கைத் தலை), அது மோதுவதற்குத் தட்டையான எஃகுப் பட்டடை, வினாடிக்கு 7.5 மீட்டர் வேகம். எல்லாம் இசிஇ 22.05 என்ற தலைக்கவசச் சோதனை விதிப்படிதான். ஏறக்குறைய 2.87 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

நான்கு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். (எனக்குத்தான் இப்போது தலைக்கவசம் தேவை.) ஆறாவது மில்லிவினாடியில், உச்சிக்கு நேராக உள்ள தெர்மாகோல் அடுக்கில், கணிப்புக்காகப் பிரித்த சிறு கட்டங்களில் ஒரே ஒரு கட்டம் உள்ளும் புறமுமாகப் புரண்டுவிடுகிறது. ‘கன அளவு எதிர்மறை’ என்று பிழை காட்டிவிட்டுக் கணிப்பு நின்றுவிடுகிறது. கால அடியை (கணிப்பின் ஒவ்வொரு படிக்கும் உள்ள நேர இடைவெளியை) குறைத்தும் பயனில்லை.

தெர்மாகோலுக்கு, நசுங்கும் நுரைக்கான 63ஆம் எண் பொருள் மாதிரியைக் கொடுத்திருக்கிறேன். அடர்த்தி கனமீட்டருக்கு 60 கிலோ. என்னிடம் உள்ள தகைவு வளைவு (எவ்வளவு சுருங்கினால் எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டுவது) 70 விழுக்காட்டுச் சுருக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வளைவைச் செங்குத்தாக நீட்டுவதா, உட்புறத் தொடுகையை (கட்டம் தனக்குள்ளேயே புரளாமல் தடுக்கும் அமைப்பை) சேர்த்தாலே போதுமா? அடர்த்தியைக் கூட்டினால் கணிப்பு முழுதாக ஓடுகிறது. ஆனால் தலை உருவின் உச்ச முடுக்கம், விதி அனுமதிக்கும் 275 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 275 மடங்கு) எல்லையைத் தாண்டிவிடுகிறது. தலையைக் காக்காத தலைக்கவசம் எனக்கு எதற்கு?

இதே சிக்கலைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் வளைவு கடைசியில் எப்படி முடிந்தது என்று மட்டுமாவது சொல்லுங்கள். உள்ளீட்டுக் கோப்பு வேண்டுவோருக்கு இன்றிரவே அனுப்புகிறேன்.