பத்து சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) ஒரே போர்வெல்: எங்கெங்க கவனிக்கணும்?

பத்து வீடு சேர்ந்து ஒரே போர்ல தண்ணி எடுக்கறதைப் பத்தி மூணு ஊர்ப் பக்கத்துக்காரங்க சொல்றது இது.

காங்கேயம் பக்கம்:
போர் வண்டிக்காரர் தண்ணி இத்தனை இஞ்ச் வருதுன்னு சொல்ற கணக்கை நம்பி டேங்க் கட்ட வேண்டாமுங்க. சித்திரை, வைகாசியில மோட்டாரை நாலு மணி நேரம் விடாம ஓட்டிட்டு, 200 லிட்டர் டிரம் எத்தனை நிமிஷத்துல நிறையுதுன்னு பாருங்க. நாலு நிமிஷம்னா மணிக்கு 3000 லிட்டர். பத்து வீடு, வீட்டுக்கு அஞ்சு பேர், ஆளுக்கு 100 லிட்டர்னா ஒரு நாளைக்கு 5000 லிட்டர். இருபது மாடு இருந்தா, உருப்படிக்கு 60 வீதம் இன்னொரு 1200. இதைத்தான் பல பேர் விட்டுடறாங்க. போர்க்குழிக்குள்ள விடற கேசிங் குழாயைக் கெட்டிப் பாறை வரைக்கும் இறக்கி, சுத்தி சிமெண்ட் வெச்சு அடைங்க. அதுல காசு மிச்சம் பிடிச்சா மாடு கட்டற கட்டுத்தரைத் தண்ணி உள்ள எறங்கும்.

சென்னிமலை பக்கம்:
அளவெல்லாம் சரிதானுங்க. ஆனா சண்டை வர்றது மேடு பள்ளத்தால. 20 அடி உயர டேங்க்ல இருந்து கிடைக்கற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோதான். பள்ளத்து வீட்டுல குழாயைத் திறந்தா மேட்டு வீட்டுக்குக் காத்துதான் வரும். கேட் வால்வைத் திருகி வெச்சா நிக்காது, ராத்திரியே யாராச்சும் மாத்திருவாங்க. வீட்டுக்கு ஒரு 500 லிட்டர் தொட்டி, அதுக்கு ஃப்ளோட் வால்வு (தண்ணி நிறைஞ்சா மிதவை ஏறி அடைக்கற வால்வு), முன்னால அரை இஞ்ச் மீட்டர். பள்ளத்துத் தொட்டி நிறைஞ்சதும் தானா அடைச்சுக்கும், தண்ணி மேட்டுக்கு ஏறும். தொட்டியைத் தரையிலயே வைங்க, மொட்டை மாடிக்கு இந்த அழுத்தம் பத்தாது.

லைன் மேடேறி இறங்கற இடத்துல காத்து தங்கும். அங்க ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு, காத்தை வெளிய விட அரை இஞ்ச் வால்வு வெச்சுருங்க. பிவிசி வெயில்ல கெடந்தா நொறுங்கும், 2 அடி ஆழம் வேணும். டிராக்டர் தாண்டற தடத்துல 3 அடி, அதுவும் இரும்புக் குழாய்க்குள்ள விட்டு.

அவிநாசி பக்கம்:
டேங்க் வாயில ஒரு மொத்த மீட்டரும் வேணுமுங்க. வீட்டு மீட்டரையெல்லாம் கூட்டினா அதைவிட ரொம்பக் குறையுதுன்னா லைன் எங்கயோ ஒழுகுது. கரண்ட் பில்லை மீட்டர்படி பிரிங்க, மோட்டார் மராமத்தைச் சமமா பிரிங்க; யார் கம்மியா புடிச்சாலும் காயில் எரியறது எரியத்தான் செய்யும்.

பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம். வாளியில கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்தி, அரை மணி நேரம் விடணும். ஃப்ளோரைடு, தண்ணியில கரைஞ்ச மொத்த உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர்ல தெரியாது, கொதிக்க வெச்சாலும் போகாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல குடுத்துப் பாருங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா குடிக்க ஆகாது.

மறுபடி காங்கேயம்:
விட்டுப்போச்சுங்க. போர் இருக்கற காடு (விவசாய நிலம்) நாளைக்கு கைமாறலாம். கிணத்துப் பங்கு எழுதற மாதிரி போர், டேங்க், குழாய் போற தடம் மூணுக்கும் பாத்தியம் (உரிமை) எழுதிப் பதிவு பண்ணிருங்க.